நாலு பத்துக்கு உள்ளே போனவர்

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டே முக்கால். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோடு. ஆடிக் காற்று... பைக்கை ஒரு பக்கமாகவே தள்ளுகிறது. எதிரே ஒரு வண்டி இல்லை. சிமெண்ட் லாரிகள் விடிய விடிய ஓடுகிற ரோடு அது. அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

பைக்கில் போனவன் தமிழழகன். ஜெராக்ஸ் கடை அன்பழகன் இருக்கிறானே, என் கூட்டாளி, அவனுடைய மச்சினன். அன்பழகன் பெண்டாட்டி மலர்கொடிக்குக் கூடப் பிறந்த தம்பி. சொந்த ஊர் உடையார்பாளையம். வயது இருபத்தாறு. சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். இரண்டு நாளாகச் சோறு இறங்காத வயிறு.

கலைச்செல்வா, அந்த டார்ச்சை அணை. கரண்ட் எப்போது வருமோ... இந்த மானிட்டர் வெளிச்சம் போதும், யூ.பி.எஸ். தாங்குகிறவரை தாங்கட்டும். சத்யா, நீ ஏன் இப்போதே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறாய்? பேய் இன்னும் வரவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் நடந்தது. அரியலூரைத் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் மைன்ஸ் என்பார்கள். சுரங்கம் என்றதும் குகை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரி அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளத்தில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் மூன்று தடவை சங்கு ஊதும். சங்கு ஊதும்போது பள்ளத்தில் ஒரு ஆள்கூட இருக்கக்கூடாது.

இருக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும்? பழைய காலத்தில் கேட்டில் ஒரு பலகை. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை. இறங்கும்போது வில்லையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். பலகை நிறைந்திருந்தால் பள்ளம் காலி. கைநாட்டுக்காரனுக்கும் புரியும். அதைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். கேட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் பெயரைத் தட்டுவாள்... உள்ளே. ஏறி வந்தால் இன்னொரு தட்டு... வெளியே. திரையில் 'உள்ளே இருப்பவர்கள்: 0' என்று வந்தால் சங்குக்கு உத்தரவு.

தமிழழகன் அங்கே போனது இந்தக் கம்ப்யூட்டர்களுக்காகத்தான். கேட், எடை மேடை, ஸ்டோர், அட்டெண்டன்ஸ் என்று நாலு பழைய மெஷின்கள். நாலும் சுண்ணாம்புத் தூசியைத் தின்று இழுத்துக்கொண்டு கிடந்தன. மேனேஜர் புதிதாக ஒரே ஒரு சர்வர் வாங்கினார். இவன் அதில் லினக்ஸ் போட்டான். நாலு பழைய கம்ப்யூட்டர்களையும் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றி அதற்குள் தூக்கி வைத்தான். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் நாலு குடித்தனம் இருக்குமே, அந்த மாதிரி. அவரவருக்குத் தனி அடுப்பு, தனிக் கதவு. ஒருவர் வீட்டில் நடப்பது இன்னொருவருக்குத் தெரியாது. வீட்டுக்காரன் லினக்ஸ்.

தமிழழகன் நல்ல வேலைக்காரன்தான், குறை சொல்ல முடியாது. மெமரிதான் பற்றாக்குறை. இவன் கேட்டதில் பாதியைத்தான் மேனேஜர் வாங்கிக் கொடுத்திருந்தார். இவனும் சமாளித்துவிடலாம் என்று நாலுக்கும் தாராளமாகப் பங்கு எழுதிவிட்டான். எடை மேடை மெஷின் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் கேட் மெஷின் மூச்சு முட்டி நிற்கும். நின்றால் இவனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஸ்நாப்ஷாட். மெஷின் ஒரு நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது. கோளாறு வந்தால் அந்த நிமிடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம். நடுவில் நடந்த எதுவும் அந்த மெஷினுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். நாலு ஐந்துக்குத் திரையில் பூஜ்யம். தினமும் போல இவன் அந்த நேரத்தில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்தான். நாலு பன்னிரண்டுக்குக் கேட் மெஷின் நின்றுபோனது. கேட்டில் இருந்த அனிதா போன் செய்தாள்.

"சார், என்னத்த தட்டுனாலும் நவுர மாட்டேங்குது சார். நான் நாலேகா பஸ்ஸ புடிக்கணும்."

"நீ கெளம்புமா. நான் பாத்துக்கறேன்."

இவன் உட்கார்ந்திருந்தது அடுத்த அறையில். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நின்றுபோன மெஷினை அப்படியே தூங்கப் போட்டான். எதை அழிப்பதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்து வைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. நகலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டான். பிறகு நாலு ஐந்துக்குத் திருப்பினான். திரை வந்தது. உள்ளே இருப்பவர்கள்: 0. அனிதாவுக்குப் பதில் வந்த ஆள் அதைப் பார்த்துத் தலையாட்டினான். ஏழு நிமிடம்தானே போனது... ஷிப்ட் முடிந்த பிறகு எவன் பள்ளத்தில் இறங்கப் போகிறான் என்று இவன் நினைத்தான்.

ஒருவர் இறங்கியிருந்தார்.

அய்யாக்கண்ணு. கல்லங்குறிச்சிப் பக்கம். பாறையில் துளை போடுகிற மெஷினுக்கு உதவியாள். சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது, தூக்குச் சட்டியைப் பள்ளத்துக் கொட்டகையிலேயே விட்டுவிட்டோம் என்று. பெண்டாட்டி திட்டுவாள். அனிதாவிடம் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கினார். நாலு பத்து. அவளும் தட்டினாள். அந்தத் தட்டுதான் அந்த ஏழு நிமிடத்துக்குள் இருந்தது.

ஐந்து மணி. மூன்று சங்கு. மேலே நின்று ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். தகரக் கொட்டகைக்குள் இருக்கிறவரை யார் பார்த்தது? வெடி வெடித்தது. அன்றைக்கு மருந்து கொஞ்சம் கூடுதலோ என்னவோ, கொட்டகைக்கு மேலே இருந்த கரை மொத்தமாகச் சரிந்தது. கொட்டகை போன இடம் தெரியவில்லை. ஆள் இல்லாத கொட்டகைதானே என்று அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு அவர் பெண்டாட்டி வளர்மதி கேட்டுக்கு வந்தாள். ஸ்டாண்டில் அவர் சைக்கிள் மட்டும் நின்றது. மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு மணிக்கு வெளியே வந்தார் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு உள்ளே போனதாக இல்லை.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. எங்கயாச்சும் போயிருப்பாரு. வந்துருவாரு, வூட்டுக்குப் போ."

மறுநாள் காலையில் அனிதாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் திரும்ப இறங்கினதைப் போட்டதாக ஞாபகம் என்றாள். எத்தனை மணிக்கு என்றார்கள். திணறினாள். மெஷினில் இல்லையே என்று ஒரு அதட்டு. ஒரு நாளைக்கு முன்னூறு பெயர் தட்டுகிற பெண்... அழுதுகொண்டே, "அப்ப எனக்குத்தான் தப்பா ஞாபகம் போல சார்" என்று சொல்லிவிட்டாள். வேலையும் போனது.

தமிழழகனுக்கு எல்லாம் தெரியும். சைக்கிள் நிற்கிறது என்று கேட்ட அந்த நொடியே தெரியும். ஏழு நிமிடம். வாயைத் திறந்து, நான்தான் சார் திருப்பினேன், நடுவில் இருந்தது அழிந்துபோயிருக்கும் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. ஜெயில் கண்ணில் தெரிந்ததாம். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வியாழன் ராத்திரியே பெரம்பலூரில் அக்கா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். எனக்கு இந்த இடத்தில்தான் ஆத்திரம் வரும். அன்பழகன் சொல்லும்போதே கேட்டேன், உன் மச்சினன் மனுஷனா என்று.

வெள்ளிக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தான். ஆடி வெள்ளி. மலர்கொடி சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய் வந்து நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்கும் எழுந்திருக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மைன்ஸ் வாட்ச்மேன் நல்லதம்பி போன் செய்தார்.

"சார், அந்தப் பொம்பள இன்னும் கேட்டுலயே ஒக்காந்திருக்குது சார். பச்சத் தண்ணி குடிக்கல. உடம்பையாவது தோண்டிக் குடுங்கன்னு கேக்குது. தாலிய வச்சிக்கிறதா கழட்டுறதான்னு கேக்குது, நான் என்னத்த சொல்லுவேன். காலைல ஆறு மணிக்கு பொக்லைன் வருது. அந்தச் சரிஞ்ச கல்லு பூராத்தயும் அள்ளி அரவை மெஷின்ல போடப் போறாங்க..."

அரவை மெஷின் என்றால் தெரியுமா? பாறை ஒரு பக்கம் போகும், மறுபக்கம் ஜல்லி வரும். ஜல்லி பொடியாகும். பொடி சூளைக்குப் போகும். மூட்டையில் சிமெண்டாக வரும். அதற்குப் பிறகு எந்த உடம்பைத் தேடுவது? எதை வைத்துக் காரியம் செய்வது?

அப்போதுதான் எழுந்தான். அப்போதும் உண்மையைச் சொல்வதற்கு எழவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் போட்டான். டிஸ்க்கில் தூங்குகிற நகல் இருக்கிறது. அதில் நாலு பன்னிரண்டு வரைக்கும் எல்லாம் இருக்கும். அதை எழுப்பி, அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டிவிட்டால் போதும். மெஷின் கோளாறு, பதிவு ஒளிந்திருந்தது, நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடலாம். உடம்பும் கிடைக்கும். தானும் தப்பிக்கலாம். விடிவதற்குள் முடிக்க வேண்டும். அந்த ரோட்டில் பைக்கை விரட்டினதெல்லாம் அதற்குத்தான்.

ஒன்றரைக்கு மைன்ஸ் கேட். வளர்மதி சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். இவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனபோது நிமிர்ந்து பார்த்தாள். இவனால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

நல்லதம்பி சர்வர் அறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். ஏ.சி. சத்தம் மட்டும். டிஸ்க்கை மாட்டினான். உயிரோடு இருக்கிற கேட் மெஷினும் இந்த நகலும் ஒரே முகவரி உள்ளவை, ஒரே நேரத்தில் இரண்டும் நெட்வொர்க்கில் இருந்தால் குழம்பிப்போகும். அதனால் நகலுக்கு நெட்வொர்க்கையே வெட்டிவிட்டான். வெளி உலகத்தோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. பிரிண்டர் மட்டும்தான். மற்ற மெஷின்களை நிறுத்தி மெமரியை ஒதுக்கினான். எழுப்பினான்.

மணி ஒன்று நாற்பத்திரண்டு.

திரை வந்தது. தூங்கப் போட்ட மெஷின் எழும்போது, தான் தூங்கினதே அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து நடக்கும். மூலையில் கடிகாரம்... வியாழக்கிழமை, 4:12. அதற்கு மேலே...

உள்ளே இருப்பவர்கள்: 1. அய்யாக்கண்ணு. 4:10.

மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டான். ஏங்கி ஏங்கி அழுதான். நல்லதம்பி வந்து எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் வந்தது வாசனைதான். வெடி மருந்து வாசனை. அதோடு ஈரச் சுண்ணாம்பு. ஜன்னல் எல்லாம் மூடின அறை. ஏ.சி.யிலிருந்து வருகிறதோ என்று பார்த்தான். இல்லை. பற்களுக்கு நடுவில் மண் நறநறத்தது...

திரையில் 4:17. நிஜத்தில் ஒன்று நாற்பத்தேழு.

இன்டர்காம் அடித்தது.

கேட் ஆபீசுக்கும் அறைகளுக்கும் நடுவில் ஓடுகிற சாதாரண இன்டர்காம். ஆறு விளக்கு இருக்கும், எங்கிருந்து வருகிறதோ அந்த விளக்கு எரியும். எரிந்தது ஆறாவது. நல்லதம்பி கிட்டத்தில் வந்து பார்த்தார். அவர் குரலே மாறிவிட்டது.

"சார்... அது பள்ளத்துக் கொட்டாய் சார். அந்த ஒயரு வெடியோட அறுந்துபோச்சு சார். நானே பாத்தேன், தொங்குது சார்..."

அடித்துக்கொண்டே இருந்தது. தமிழழகன் எடுத்தான். முதலில் எதுவும் இல்லை. பிறகு சின்னச் சின்னக் கற்கள் உருளுகிற சத்தம். தகரத்தில் எதுவோ உரசுகிற சத்தம். மூச்சு. ரொம்ப மெதுவாக... தொண்டை முழுக்கத் தூசி அடைத்த ஒரு குரல்.

"சார்... நான் உள்ளதான் சார் இருக்கேன்..."

போனை வைத்துவிட்டான். உடனே திரும்ப அடித்தது. ஆறாவது விளக்கு. எடுக்கவில்லை. நின்றது. எண்ணி இருபது நொடி. மறுபடியும். அந்த நேரத்தில் அவனுக்கு ஓடிவிடத் தோன்றியதாம். ஆனால் கேட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் ஓட வேண்டும். எடுத்தான்.

"சார்... வெளிய போயிட்டதா போட்றாதீங்க சார். நான் உள்ளதான்..."

கல் உருளும் சத்தம். அப்புறம் அந்த மூச்சு. இழுத்து... விட்டு... இழுத்து.

இவன் போனைக் கீழே விட்டான், அது கம்பியில் தொங்கியது. தொங்குகிற போனிலிருந்தும் அந்த மூச்சு கேட்டது.

"அண்ணே, என்னண்ணே செய்யட்டும்? சொல்லுங்கண்ணே, என்ன செய்யட்டும்?" என்று நல்லதம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

நல்லதம்பி முப்பது வருஷம் அதே பள்ளத்தில் இருந்தவர். பித்தளை வில்லைக் காலத்து ஆள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சார், பள்ளத்துல செத்தவன் தானா ஏற மாட்டான் சார். எங்க காலத்துல எவனாச்சும் கீழ செத்துட்டான்னா, அவன் வில்லைய கூட வேல செஞ்சவன் ஒருத்தன் கொண்டாந்து பலகைல மாட்டுவான். மாட்டிட்டு, 'வந்துட்டியாப்பா, வூட்டுக்குப் போ'ன்னு பேரச் சொல்லி மூணு தடவ சொல்லுவான். அதுக்கப்புறந்தான் அவன் வெளிய போவான். மாட்டலன்னா அங்கயே கெடந்து கூப்புட்டுகிட்டே இருப்பான் சார். இவனுக்கு வில்ல ஏது? இந்த மெஷின்தான். வெளியன்னு போட்டுருங்க சார். போயிடட்டும்."

"போடாதேங்கிறாரேண்ணே..."

"செத்தவன் செத்தத ஒத்துக்குவானா சார்? எவன் ஒத்துக்கிட்டான்? போடுங்க சார்."

திரையில் 4:36. தமிழழகனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்த மெஷினில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஐந்தைத் தொட்டால்? அந்த மூன்று சங்கும் மறுபடி ஊதினால்? அந்த வெடியை அவர் மறுபடி வாங்க வேண்டுமா? ஒரு தடவை கொன்றது போதாதா என்று நினைத்தானாம். நிறுத்திவிடலாம் என்றால் அந்த வரியும் சேர்ந்து போய்விடுமோ என்று பயம். யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. தூங்கி இரண்டு நாள் ஆகிறது, தொங்குகிற போனில் ஒருத்தர் மூச்சு விடுகிறார், கேட்டில் அவர் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

பெயருக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தான். நல்லதம்பி கைகளைக் கூப்பிக்கொண்டார்.

"அய்யாக்கண்ணு... வந்துட்டியாப்பா, வூட்டுக்குப் போ. அய்யாக்கண்ணு... வந்துட்டியாப்பா, வூட்டுக்குப் போ..."

மூன்றாவது தடவை சொல்லி முடித்தார். இவன் தட்டினான். வெளியே.

உள்ளே இருப்பவர்கள்: 0.

மூச்சு நின்றது. நான் ஏ.சி. நின்ற மாதிரி என்று சொல்லப் போவதில்லை. மூச்சுதான் நின்றது. ஒரு இழுப்பு இழுத்தது... விடவில்லை. ஆறாவது விளக்கு அணைந்தது. வெளியே வந்ததாகப் பதிந்தால் அந்த மெஷின் ஒரு சீட்டு அடித்துத் தரும். பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பியது. மேல் வரியைப் பார்த்தான். அய்யாக்கண்ணு, உள்ளே, வியாழன் 4:10. அதுதான் வேண்டும். அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. கிழித்துக்கொண்டு ஓடினான்.

கேட்டுக்குப் போய் வளர்மதி கையில் சீட்டைத் திணித்தான்.

"அவரு உள்ளதாம்மா போயிருக்காரு. இந்தா, எழுதியிருக்கு. விடாதீங்க. ஊரக் கூப்புடுங்க."

அந்த மட்டுக்கும் அதைச் செய்தான், அதை மறைக்கக்கூடாது. மூன்று மணிக்கெல்லாம் ஊரிலிருந்து ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். மேனேஜரை எழுப்பினார்கள். லுங்கியோடு வந்தவர் சீட்டின் மேல் வரியை டார்ச் அடித்துப் பார்த்தார், பள்ளத்துக்கு வழி விட்டார். பொக்லைன் வேண்டாம் என்று ஜனங்களே இறங்கினார்கள். கடப்பாரை, கை. ஒவ்வொரு கல்லாக. தமிழழகனும் தோண்டினான், நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் தகரம் தட்டுப்பட்டது.

தகரம் கூடாரம் மாதிரி மடங்கி, அடியில் ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அதில்தான் இருந்தார். நெஞ்சுக்குக் கீழே கல். நெஞ்சுக்கு மேலே ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் தூக்குச் சட்டி, திறந்து, துடைத்து வைத்த மாதிரி காலி. கையில் இன்டர்காம் ரிசீவர். அதன் ஒயர் ஒரு முழம் தள்ளி அறுந்திருந்தது. அதற்கப்பால் வெறும் கல்.

அன்பழகன் சொன்னான், யாரோ அவர் கையைப் பிடித்து விரலை விரிக்கப் பார்த்தார்களாம். விரல் இன்னும் முழுதாக விறைக்கவில்லை. எளிதாக விரிந்ததாம்.

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார், தாடையை அசைத்துப் பார்த்தார், அக்குளில் கை வைத்துப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வியாழக்கிழமைன்னு யார் சொன்னது? இவர் செத்து அஞ்சு மணி நேரந்தான் சார் இருக்கும். ராத்திரி ரெண்டு மணி வாக்குல போயிருக்கு."

நல்லதம்பி அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. தமிழழகன் நின்ற இடத்திலேயே நின்றான்.

முப்பத்து மூன்று மணி நேரம். வியாழன் ராத்திரி மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டியபோது உயிரோடு இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அனிதா அழுதபோது இருந்தார். இவன் அக்கா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, குங்குமம் வைத்தபோது, பைக்கில் வந்தபோது... இருந்தார். அறுந்த ஒயரில் அவர் எப்படிப் பேசினார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது.

வளர்மதி உடம்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து நேராகத் தமிழழகனிடம் வந்தாள். ரத்தம் ஒட்டின அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஊரே இல்லன்னுச்சு சார். நீங்க ஒருத்தருதான் அவரு உள்ள இருக்காருன்னு எழுதிக் குடுத்தீங்க. எங்க கொலசாமி மாரி வந்தீங்க சார்."

இவனால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். ராத்திரி முழுக்கக் கையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்தாள். வியர்வையில் நைந்து போயிருந்தது. அவன் அந்த ராத்திரி எழுப்பின மெஷினுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் தெரியும் என்று உங்களுக்குச் சொன்னேன் இல்லையா? அதன் கடிகாரம் ஐந்தைக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

அவள் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தாள்.

"உள்ள... வெயாழன் நாலு பத்து. சரி சார். இதுக்குக் கீழ ஒண்ணு போட்டுருக்குதே சார்... வெளிய... சனி ரெண்டு பத்துன்னு."

தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அந்நேரத்துக்கு அவரு போயிட்டாருன்னு யாரு சார் போட்டது?"